குவியலுக்குள் கை விட்ட நபியும் லேபிளை மட்டும் பார்க்கும் நாமும்



ஒவ்வொரு ரமளானுக்கும் முன்பாக நம் மதரஸாவுக்கு ஒரு கேள்வி தவறாமல் வந்து சேர்கிறது. "உஸ்தாத், கேக்குக்கும் பாயசத்துக்கும் விடுகிற வெனிலா எசென்ஸில் ஆல்கஹால் இருக்கிறதாமே, அது கூடுமா?" பெரும்பாலும் தாய்மார்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்க நாட்டு விதிப்படி வெனிலாச் சாறு என்று பெயரிட்டு விற்கப்படும் பொருளில் குறைந்தது 35 சதவீதம் ஆல்கஹால் இருந்தாக வேண்டும். இத்தகைய பொருள்களைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் உள்ளன. நாம் கற்றறிந்த அளவில் பதில் கூறி அனுப்புகிறோம்.

ஆனால் இத்தனை ஆண்டுகளில் ஒருவர்கூட நம்மிடம் இன்னொரு கேள்வியைக் கேட்டதில்லை. அந்தப் புட்டிக்குள் வெனிலா இருக்கிறதா?

வெனிலா என்பது ஒரு கொடியில் காய்க்கும் நெற்று. நம் நாட்டில் அதன் பூவைக் கையால்தான் மகரந்தச் சேர்க்கை செய்ய வேண்டும். பறித்த காயை மாதக்கணக்கில் பதப்படுத்த வேண்டும். உலகின் விலையுயர்ந்த வாசனைப் பொருள்களுள் ஒன்று அது. சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் புட்டியில் இருப்பது ஆலையில் செய்த வெனிலின் கரைசலாகவே இருக்கும். அப்படி இருப்பது குற்றமன்று. சட்டம் அதை அனுமதிக்கிறது. ஆனால் அது எவ்வகை வாசனை என்று புட்டியின் மீது எழுதியிருக்க வேண்டும். எழுதியிருக்கிறதா என்று நம்மில் எத்தனை பேர் திருப்பிப் பார்க்கிறோம்?

ஹராமான ஒரு துளி நம் வயிற்றுக்குள் போய்விடக் கூடாதே என்று அஞ்சும் நமக்கு, பொய்யான ஒரு புட்டி நம் வீட்டுக்குள் வந்துவிடக் கூடாதே என்ற அச்சம் ஏன் வரவில்லை? பொய்யும் மோசடியும் எப்போது மக்ரூஹ் அளவுக்கு இறங்கிவிட்டன?

*நாம் மௌனமாக இருந்த அந்த மாலை*

இதைப் பிறரைக் குறை கூறுவதற்காக எழுதவில்லை. முதல் குற்றவாளியாக நம்மையே நிறுத்திக்கொண்டு எழுதுகிறோம்.

நாசரேத் வட்டாரத்தில் நாம் நன்கறிந்த ஒரு பலசரக்குக் கடைக்கு, சென்ற நோன்புக் காலத்தில் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தார். கடைக்காரர் நம் சகோதரர். தொழுகையில் முதல் வரிசையில் நிற்பவர். அலுவலர் அங்கிருந்த ரோஜா எசென்ஸையும், பிரியாணிக்கும் கேசரிக்கும் போடும் கலர் பொடியையும் மாதிரி எடுத்துச் சென்றார்.

அன்று மஃரிப் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் பேச்சு சூடேறியது. "நம்ம ஆள் கடைன்னா மட்டும் உடனே வந்துவிடுவார்கள்" என்றார் ஒருவர். "நோன்பு நேரத்தில் வேண்டுமென்றே செய்கிறார்கள்" என்றார் மற்றொருவர். ஜமாஅத் சார்பில் ஆட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று மூன்றாமவர் யோசனை கூறினார். நாமும் அங்கேதான் இருந்தோம். அந்தப் பொடியில் என்ன இருந்தது என்று எவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

சில வாரங்களுக்குப் பின் அறிக்கை வந்தது. பொடியில் உணவில் சேர்க்க அனுமதியில்லாத சாயம் இருந்தது. எசென்ஸ் புட்டியில் தயாரித்தவரின் முகவரியே இல்லை.

அதே கடையின் அதே ரோஜா எசென்ஸைத்தான் நம் மதரஸாப் பிள்ளைகளின் இஃப்தார் ரோஸ் மில்க்குக்கு மூன்று ரமளான்களாக வாங்கிக்கொண்டிருந்தோம். அதை வாங்கி வருமாறு சீட்டு எழுதிக் கொடுத்த கை நம்முடையது. பிள்ளைகள் சிவந்த உதடுகளோடு சிரித்ததைப் பார்த்து மகிழ்ந்த கண்களும் நம்முடையவை. அந்தப் புட்டிக்குள் என்ன இருந்தது என்பதை இனி ஒருபோதும் அறிய முடியாது. அந்த மாலையின் மௌனத்துக்கான பரிகாரமாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

*ஈரம் குற்றமன்று, மறைப்பதே குற்றம்*

ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்ற, நம் பிள்ளைகளுக்கு நாம் மனப்பாடமாகக் கற்பிக்கும் ஒரு செய்தியை நினைவுகூர்வோம். அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றார்கள். அதனுள் தமது கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்னவென்று வினவினார்கள். மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் கூறினார். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று அறிவித்தார்கள்.

இந்த ஹதீஸை எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். ஆனால் அதன் நுணுக்கத்தை நம் கடைத்தெருவில் வைத்துப் பார்த்ததில்லை. அந்த வணிகர் மணலைக் கலக்கவில்லை, சாயம் ஏற்றவில்லை. தானியம் உண்மையான தானியமே. நனைத்தது மழை, மழையை இறக்கியவன் அல்லாஹ். அவர் செய்ததெல்லாம் காய்ந்ததை மேலேயும் நனைந்ததைக் கீழேயும் இருக்க விட்டது மட்டுமே. அதற்கே அத்தகைய கடும் எச்சரிக்கை!

இன்று குவியலின் மேற்பரப்பு எது? லேபிள்தான். புட்டிக்குள் கையை விட்டுப் பார்க்க நுகர்வோரால் இயலாது. மேலே எழுதியிருப்பதை நம்பித்தான் வாங்குகிறார். மேலே ரோஜாப் படத்தை அச்சிட்டு உள்ளே ரோஜாவின் நிழல்கூட இல்லாத திரவத்தை அடைப்பவர், காய்ந்த தானியத்தை மேலே பரப்பியவரைவிடப் பன்மடங்கு துணிந்தவர். அந்த வணிகரிடமாவது அடியில் இருந்தது தின்னத்தக்க தானியம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நபியவர்கள் (ஸல்) அந்த வணிகரிடம் விசாரித்துவிட்டு நகரவில்லை. கையை உள்ளே விட்டார்கள். இன்று உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடைக்குள் வந்து பொருளைத் திறந்து மாதிரி எடுக்கிறாரே, அந்தச் செயலுக்கு நம் மார்க்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. அதைச் செய்பவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் அவர் நம் பிள்ளைகளுக்காக ஒரு கடமையை நிறைவேற்றுகிறார். அவரை எதிர்த்து மனு எழுதப் பேனாவைத் தேடிய நாம், எந்த வரிசையில் நின்றோம்?

*சட்டம் என்ன கேட்கிறது?*

"இந்தச் சட்டமெல்லாம் சிறு வியாபாரியை நசுக்குவதற்கே" என்று சொல்லுமுன் சட்டம் எதைக் கேட்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது.

1954ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம். 2011 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் உள்ளது. இதன் விதிகள் வாசனைப் பொருள்களை மூன்று வகையாகப் பிரிக்கின்றன: இயற்கையானவை, ஆலையில் செய்யப்பட்டும் இயற்கையில் உள்ளதை ஒத்தவை, முற்றிலும் செயற்கையானவை. மூன்றையும் விற்கலாம். எது என்பதைச் சொல்லிவிட்டு விற்க வேண்டும். கூமரின் முதலிய சில வாசனைப் பொருள்களுக்குத் தடை உண்டு. டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுத் திரவத்தை எசென்ஸ்களில் கரைப்பானாகப் பயன்படுத்தக் கூடாது.

செயற்கை நிறங்களிலும் அனுமதிக்கப்பட்டவை சிலவே. அவற்றையும் குறிப்பிட்ட பண்டங்களில் மட்டும், கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்பது போன்ற வரம்புக்குள் சேர்க்க வேண்டும். நம் வலீமா விருந்துகளில் செம்மஞ்சளாக ஒளிரும் பிரியாணி அந்தப் பண்டங்களின் பட்டியலில் இல்லை!

உள்ளிருப்பது ஒன்று, மேலே எழுதியிருப்பது ஒன்று என்றால் அதற்குத் தப்புக் குறியீடு என்று பெயர். 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. தரம் குறைந்த பொருளுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. உயிருக்குக் கேடு விளைவிக்கும் பொருளால் மரணம் நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை செல்லலாம்.

ஆகச் சட்டம் கேட்பது இரண்டே: நஞ்சைச் சேர்க்காதே, பொய் சொல்லாதே. இவ்விரண்டையும் பதினான்கு நூற்றாண்டுகளாக நாம் மிம்பரிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளை வெளிப்படுத்தினால் அவர்களின் வணிகத்தில் பரக்கத் உண்டாகும், மறைத்துப் பொய்யுரைத்தால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நம் மார்க்கம் ஏற்கெனவே விதித்ததை அரசாங்கம் அபராதத்தோடு நினைவூட்டினால் அதை ஒடுக்குமுறை என்று அழைப்பது எந்த வகை நியாயம்?

*"ஒரு சிட்டிகைதானே" என்பவர்களுக்கு*

கலர் பொடியும் எசென்ஸும் ஒரு சிட்டிகை, ஒரு துளி. அதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நாம் மூன்று செய்திகளை முன்வைக்கிறோம்.

2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியும் பிறகு தமிழ்நாடும் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தன. மாதிரிகளில் ரோடமின்-பி இருந்தது. துணிக்கும் தாளுக்கும் ஏற்றும் சாயம் அது. கடற்கரையிலும் திருவிழாவிலும் பிள்ளைகள் நாக்கை நீட்டிக் காட்டி மகிழ்ந்த அந்த இளஞ்சிவப்பு, துணிச்சாயம்! அடுத்த சில மாதங்களில் கர்நாடகம் கோபி மஞ்சூரியனிலும் கபாபிலும் செயற்கை நிறம் சேர்ப்பதற்குத் தடை விதித்தது. கபாப் கடைகளை யார் பெரும்பாலும் நடத்துகிறார்கள் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராப் பகுதியில் பச்சிளங் குழந்தைகள் ஒவ்வொருவராகச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். காரணம், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்னும் இருமல் மருந்து. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது தெரியவந்தது. மேலே எசென்ஸ்களில் தடை செய்யப்பட்டதாகக் குறிப்பிட்டோமே, அதே நச்சுத் திரவம். மருந்துக்கும் எசென்ஸுக்கும் கரைப்பானாகப் பயன்படும் நல்ல திரவம் ஒன்று உண்டு. அதைப் போலவே தோன்றும் இந்த நஞ்சு, அதன் இடத்தில் நுழைந்துவிடக் கூடியது. முகவரியில்லாத புட்டியை வாங்கும்போது நாம் எதன் மீது பந்தயம் கட்டுகிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது செய்தி பழையது. ஆயினும் முஸ்லிம்களாகிய நாம் அவசியம் அறிய வேண்டியது. அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்த காலம். இஞ்சி எசென்ஸ் என்ற பெயரில் ஒரு புட்டி விற்கப்பட்டது. பெயர் மருந்தும் வாசனைப் பொருளும். உண்மையில் உள்ளே பெரும்பகுதி ஆல்கஹால். மக்கள் அதை மதுவாகக் குடித்தார்கள். அவ்வாறு குடிக்க முடியாதபடி கசப்பாக இருக்க வேண்டுமென்று, அதில் போதிய அளவு இஞ்சிச் சத்து இருக்க வேண்டும் என அரசு விதித்திருந்தது. அதிகாரிகள் திரவத்தைக் காய்ச்சி ஆவியாக்கி, அடியில் எஞ்சும் பொருளை எடைபோட்டுச் சோதித்தார்கள். தயாரித்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இஞ்சியைக் குறைத்துவிட்டு, ஆவியாகாமல் அடியில் தங்கி எடை காட்டும் ஓர் ஆலை வேதிப்பொருளைக் கலந்தார்கள். அரசின் சோதனையில் புட்டி தேறியது. 1930இல் பல்லாயிரம் பேர் கால்கள் செயலிழந்து முடமானார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். குற்றம் நிறுவப்பட்ட முதலாளிகள் முதலில் பெற்ற தண்டனை, அபராதமும் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையுமே.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. மோசடிக்காரன் சட்டத்தை அறியாதவனல்லன். சட்டத்தின் கை எதுவரை நீளும் என்பதை நம்மைவிட நன்கு அறிந்தவன். சோதனை எதைப் பார்க்கிறதோ அதைச் சரியாக வைத்துவிட்டு, பார்க்காத இடத்தில் நஞ்சை வைப்பான். எனவே அலுவலரின் கை அவசியம். ஆனால் அது மட்டும் போதாது. அதற்கு மேல் ஒன்று வேண்டும்.

*உமர் பார்க்காவிட்டாலும்*

அந்த ஒன்று எது என்பதை அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்களின் காலத்தைப் பற்றி நம் வீடுகளில் சொல்லப்படும் நிகழ்ச்சி காட்டுகிறது. இரவில் நகர்வலம் வந்த உமரவர்களின் காதில், பாலில் தண்ணீரைக் கலக்கும்படி ஒரு தாய் தன் மகளிடம் கூறியது விழுந்தது. கலீஃபா தடுத்திருக்கிறாரே என்றாள் மகள். உமர் இப்போது நம்மைப் பார்க்கவா போகிறார் என்றாள் தாய். உமர் பார்க்காவிட்டாலும் உமரின் இறைவன் பார்க்கிறானே என்றாள் மகள். அந்தப் பெண்ணைத் தம் மகனுக்கு மணமுடித்து வைத்தார்கள் உமரவர்கள். அந்த மரபில்தான் நீதிமான் உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) பிறந்தார்கள்.

இந்நிகழ்ச்சியை நாம் பெண் பிள்ளைகளுக்கான நற்கதையாக மட்டுமே சுருக்கிவிட்டோம். அதில் இரண்டு காவல்கள் உள்ளன. கலப்படத்தைத் தடுத்து ஆணையிட்ட ஆட்சி ஒன்று. அல்லாஹ் பார்க்கிறான் என்ற தக்வா மற்றொன்று. உமரவர்கள் மக்களின் தக்வாவை நம்பிச் சும்மா இருந்துவிடவில்லை. ஆணையும் பிறப்பித்தார்கள், வீதியிலும் நடந்தார்கள்.

பிற்கால முஸ்லிம் நகரங்களில் இந்தப் பணிக்கு ஹிஸ்பா என்று பெயர். அதன் பொறுப்பாளர் முஹ்தஸிப். அவர் கடைத்தெருவில் எடைக்கற்களைச் சோதித்தார்; குங்குமப்பூவிலும் கஸ்தூரியிலும் செய்யப்படும் கலப்படங்களைக் கண்டறிந்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷாம் தேசத்தில் வாழ்ந்த அஷ்-ஷைஸரீ என்ற அறிஞர், முஹ்தஸிப்களுக்காக ஒரு கையேட்டையே எழுதினார். சமையற்காரர்கள் முதல் வாசனைப் பொருள் விற்பவர்கள் வரை எவரெவர் எதை எதில் கலக்கிறார்கள் என்று அதில் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. ஈமான் குறைந்தவர்கள் கற்றுக்கொண்டுவிடுவார்கள் என்று அஞ்சிச் சில தந்திரங்களை அவர் விவரிக்காமலே விட்டிருக்கிறார்.

உணவுக் கலப்படத் தடுப்பை மேல்நாட்டார் கொண்டுவந்த புதுமை என்று எண்ணுகிறோமே, அது நம் சமுதாயம் நூற்றாண்டுகளாக நடத்திய ஒரு துறை. அதை மறந்துவிட்டு, அதே வேலையைச் செய்ய வருபவரை வாசலில் நின்று தடுக்கிறோம்.

*சில ஆட்சேபங்கள்*

"பெரிய கம்பெனிகளை விட்டுவிட்டுச் சின்னக் கடைகளையே பிடிக்கிறார்கள்." இதில் உண்மை இல்லாமல் இல்லை. 2024 ஏப்ரலில் நம் நாட்டின் புகழ்பெற்ற இரண்டு மசாலா நிறுவனங்களான எம்டிஎச், எவரெஸ்ட் ஆகியவற்றின் சில பொடிகள் மீது ஹாங்காங்கும் சிங்கப்பூரும் நடவடிக்கை எடுத்த பின்னரே நம் நாட்டில் மசாலாப் பொடிகள் மீது பரபரப்பான சோதனை தொடங்கியது. உயர்குலப் பெண்ணொருத்தியின் திருட்டுக்குப் பரிந்துரை கொண்டுவரப்பட்டபோது, வலியவரை விட்டுவிட்டு எளியவரை மட்டும் தண்டித்ததால்தான் முந்தைய சமூகங்கள் அழிந்தன என்று நபியவர்கள் (ஸல்) எச்சரித்தார்கள். ஆகவே பெரிய குவியல்களுக்குள்ளும் கையை விடுங்கள் என்று அரசிடம் உரக்கக் கேட்போம். சிறிய குவியலிலிருந்து கையை எடுங்கள் என்று கேட்க அந்த ஹதீஸ் நமக்கு அனுமதி தரவில்லை.

"அலுவலர் வேண்டுமென்றே வழக்குப் போட்டால் என்ன செய்வது?" சட்டம் அதற்கும் வழி வைத்திருக்கிறது. எடுக்கும் மாதிரியை நான்கு பகுதிகளாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். கடைக்காரர் கேட்டால் ஒரு பகுதியை அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அறிக்கையை எதிர்த்து 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நேர்மையான வணிகர் இந்த உரிமைகளைப் பயன்படுத்தட்டும். ஜமாஅத் அவருக்குத் துணை நிற்கட்டும். இலஞ்சம் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்று எவரேனும் யோசனை கூறினால், கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருங்கே சபிக்கப்பட்டவர்கள் என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள்.

"வாடிக்கையாளரே நிறத்தைக் கேட்கிறார்." ஆம், இந்தக் குற்றச்சாட்டை நாம் ஏற்றுத்தான் ஆக வேண்டும். நிறமில்லாத பிரியாணியைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் நாமே. குங்குமப்பூவின் நிறமும் மணமும் வேண்டும், கலர் பொடியின் விலைக்கு வேண்டும் என்று நிற்பவர்களும் நாமே. வாங்குபவரின் இந்தப் பேராசைதான் விற்பவரின் மோசடிக்கு முதலீடு.

"கடைக்காரருக்கே தெரியாது, மொத்த வியாபாரி கொடுத்ததை விற்றார்." தெரியாமல் விற்றவர் வேறு, தெரிந்து விற்றவர் வேறு, மறுமையில் அல்லாஹ் அறிவான். ஆனால் பில் இல்லாமல், முகவரி இல்லாமல், விலை மலிவு என்பதற்காகவே வாங்கி அடுக்கியவர் தெரியாது என்று சொல்வது, கண்ணை மூடிக்கொண்டு இருட்டாயிருக்கிறது என்பதற்கு ஒப்பாகும்.

*நம் மண்ணின் பெயருக்காக*

நாம் வாழும் தேரிக்காட்டு மண்ணுக்கு ஒரு வாசனை உண்டென்றால் அது கருப்பட்டியின் வாசனை. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே கருப்பட்டியில் வெள்ளைச் சர்க்கரையைக் காய்ச்சிக் கலந்து விற்பவர்களை நம் தூத்துக்குடி மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையினர் மீண்டும் மீண்டும் பிடித்து மூட்டை மூட்டையாகப் பறிமுதல் செய்ய வேண்டியிருக்கிறது. பனையேறி உயிரைப் பணயம் வைத்து இறக்கும் பதநீருக்குச் சந்தையில் மதிப்பில்லாமல் போவதற்கு இந்தக் கலப்படமும் ஒரு காரணம். பொய்ப் பெயர் உண்பவரை ஏமாற்றுவதோடு நிற்பதில்லை. உண்மையாக உழைப்பவரின் கூலியையும் திருடுகிறது. அளவையில் மோசடி செய்வோருக்குக் கேடு உண்டு என்று தொடங்கும் அல்முதஃப்பிஃபீன் அத்தியாயத்தையும் (83:1-3) ஷுஐப் (அலை) அவர்களின் மத்யன் சமூகம் அழிந்த வரலாற்றையும் ஓதும்போது இந்தப் பனையேறிகள் நம் நினைவுக்கு வர வேண்டும்.

நாசரேத் நம் கிறிஸ்தவ சகோதரர்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். அவர்களின் ஆலய அசன விருந்துக்குப் பெருங்காயமும் மசாலாவும், கிறிஸ்துமஸ் கேக்குக்கு எசென்ஸும் நம்மவர் கடைகளிலும் வாங்கப்படுகின்றன. "பாய் கடையில் வாங்கு, ஏமாற்ற மாட்டார்" என்ற ஒரு சொல்லை நம் முன்னோர்கள் சம்பாதித்து வைத்திருக்கிறார்கள். அருகிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரு காலத்தில் முத்து வணிகம் செழித்தது. முத்தை விற்றவரின் நாணயமே அங்கே பெரிய முதல். அந்த அமானிதத்தை ஒரு பாக்கெட் கலர் பொடிக்காக நாம் தொலைக்கப் போகிறோமா?

*இனிச் செய்ய வேண்டியவை*

வீட்டில்: எசென்ஸ், கலர், மசாலா எதை வாங்கினாலும் தயாரித்தவரின் முகவரி, தயாரித்த தேதி, பதினான்கு இலக்க உரிம எண் ஆகியவற்றைப் பாருங்கள். செயற்கை வாசனை என்ற சொல்லைத் தேடுங்கள். உதிரியாகப் பொட்டலம் கட்டித் தரும் கலர் பொடியை அறவே விடுங்கள். பில் கேளுங்கள்.

சந்தேகம் வந்தால்: சட்டத்தின் 40ஆவது பிரிவு நுகர்வோராகிய நமக்கே ஓர் உரிமையைத் தந்திருக்கிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவித்துவிட்டு, கட்டணம் செலுத்திப் பொருளைச் சோதனைக்கு அனுப்பலாம். குறை நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். நமக்கு அருகிலேயே பாளையங்கோட்டையில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது.

ஜமாஅத்தில்: நோன்புக் கஞ்சிக்கும் இஃப்தாருக்கும் கந்தூரி விருந்துக்கும் வாங்கும் மசாலா, எசென்ஸ் ஆகியவற்றைப் பில்லோடு வாங்குவோம். வலீமாக்களில் கலர் இல்லாத பிரியாணியைப் பரிமாறும் வழக்கத்தை நம் ஆலிம்கள் தங்கள் வீட்டுத் திருமணங்களிலிருந்து தொடங்கி வைக்கட்டும்.

வணிகச் சகோதரர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று இரவே உங்கள் அடுக்குகளைப் பாருங்கள். பெயரில்லாத புட்டியையும் பொட்டலத்தையும் எடுத்து அழித்துவிடுங்கள். அந்த நட்டத்தை அல்லாஹ்வுக்காக ஏற்றுக்கொள்ளுங்கள். புழுதி படிந்த தலையோடு நெடும்பயணம் செய்து, இரு கைகளையும் வானை நோக்கி ஏந்தி மன்றாடியும், உணவும் உடையும் ஹராமாக இருந்ததால் துஆ ஏற்கப்படாத மனிதரின் ஹதீஸ் உங்களுக்குத் தெரியும். பொய் லேபிளில் வந்த காசில் நாம் அனைவரும் பங்குதாரர்களாகிவிடக் கூடாது.

நம் மதரஸாவில் இவ்வாண்டு முதல் இஃப்தாருக்கு ரோஸ் மில்க் இல்லை. எலுமிச்சையைப் பிழிந்து, நம் ஊர்க் கருப்பட்டியைக் கரைத்துப் பானகம் தருகிறோம். அந்தக் கருப்பட்டியையும் பில்லோடு, விற்றவர் யாரென்று அறிந்தே வாங்குகிறோம். முதல் நாள் ஒரு சிறுவன் குவளையைப் பார்த்துவிட்டு, "உஸ்தாத், கலரே இல்லையே" என்றான். இருக்கிற கலர் இதுதான் வாப்பா என்று சொன்னோம். குடித்தான். இரண்டாவது குவளை கேட்டான்.

அடுத்த முறை நம் பகுதியில் ஒரு கடைக்குள் அலுவலரின் கை நுழையும்போது, "யாருடைய கடை?" என்று கேட்க வேண்டாம். "உள்ளே என்ன இருந்தது?" என்று கேட்போம்.

யா அல்லாஹ்! எங்கள் உணவையும் எங்கள் சொல்லையும் தூய்மையாக்குவாயாக. எங்கள் பிள்ளைகளை எங்கள் அலட்சியத்தின் தீங்கிலிருந்து காப்பாயாக. எவரும் பார்க்காத இடத்திலும் உன்னை அஞ்சி நடக்கும் தவ்ஃபீக்கை எங்கள் வணிகர்களுக்கும் எங்களுக்கும் தந்தருள்வாயாக. ஆமீன்.